கீழ்வீட்டுக்காரர்களும் ஒரு வரிக் கடிதமும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, முக்கால் மணி நேரம்தான் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே. வரவேற்புரையில் எனக்கே தெரியாத பட்டங்களையெல்லாம் எனக்குச் சூட்டி மகிழ்ந்த வாசகர் மன்றச் செயலாளர் அவர்களே. மின்விசிறிக்கு நேர்கீழாக இடம் பிடித்து அமர்ந்திருக்கும் அனுபவம் நிறைந்த பெரியோர்களே. அடுப்பை அணைத்துவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, ஆயிரம் வேலைகளை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அரங்கம் வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. பேச்சு சலித்தால் ஓடிவிடலாம் என்று கதவருகே கடைசி வரிசையைத் தேர்ந்தெடுத்திருக்கும் இளைஞர்களே. உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் சிரிப்பு வராத ஓரிடத்துக்கு உங்களை அழைத்துப்போகப் போகிறேன்.

மனிதர்கள் அண்டத்தைப் பற்றி என்னென்ன எண்ணுகிறார்கள், அதை மானிடவியல் எப்படி ஆராய்கிறது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வானியல் அறிஞர் ஒரு விண்மீனைப் பார்த்தால், அது எவ்வளவு தொலைவு என்று கேட்பார். நாங்கள் விண்மீனைப் பார்ப்பவரைப் பார்ப்போம். அதை அண்ணாந்து பார்த்த அந்த மனிதர், மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்? வாசலை எந்தத் திசையில் வைக்கிறார்? செத்தவரை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடத்துகிறார்? ஒரு கல்லை உடைக்கும் முன் யாரிடம் அனுமதி கேட்கிறார்? வானத்தின் வரைபடம் வானத்திலா இருக்கிறது? இல்லை ஐயா, அது வாசற்படியில் இருக்கிறது, சமையலறையில் இருக்கிறது, சம்மட்டி பிடிக்கும் கையில் இருக்கிறது. அங்கே போய், கூடவே இருந்து, கூடவே உண்டு, கூடவே உழைத்து, கண்டதையும் கேட்டதையும் எழுதுவதுதான் எங்கள் தொழில்.

அந்தத் தொழிலில் எனக்கு நல்ல பெயர் உண்டு. செயலாளர் அதைச் சொன்னார். அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்லத்தான் இன்று ஒப்புக்கொண்டு வந்தேன். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில் நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒரே வரி. அந்த ஒரு வரியால் பதினோரு பேரைப் பாறைக்கு அடியில் அனுப்பினேன்.

இப்போது சிரிப்பு நின்றுவிட்டது பாருங்கள்.

அது ஒரு மலை. மலைக்கு அடியில் தண்ணீர் கொண்டுபோவதற்காகச் சரிவாகக் கீழ்நோக்கி ஒரு சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டியவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். எங்கே மலையைக் குடைய வேண்டுமோ அங்கே குடும்பத்தோடு போய்த் தகரக் கொட்டகைகளில் குடியிருப்பார்கள். ஆய்வுப் பட்டத்துக்காக அந்தக் கொட்டகை ஒன்றில் நான் பதினான்கு மாதம் இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கையில் நோட்டு, காதில் பேனா, தலை நிறைய கர்வம்.

அவர்களுடைய அண்டம் எப்படிப்பட்டது தெரியுமா? தாய்மார்களே, அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அண்டம் முழுவதும் பாறை. அந்தப் பாறையில் யாரோ குடைந்த வெற்றிடங்கள்தான் உலகங்கள். நம்முடைய வானம் ஒரு கூரை. அதற்கு மேலே மேல்வீடு இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் கீழே துளை போடுகிறார்கள், அந்தத் துளைகள்தான் விண்மீன்கள். நம் தரைக்கு அடியில் கீழ்வீடு. நம்முடைய தரை அவர்களுக்கு வானம். ஆகவே நாம் தோண்டும்போது யாருடைய வானத்தை உடைக்கிறோம்? கீழ்வீட்டுக்காரருடைய வானத்தை. சொல்லாமல் கொள்ளாமல் உடைக்கலாமா? மாடியில் அம்மிக்கல்லை உருட்டினாலே கீழ்வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு படியேறி வந்துவிடுகிறாரே!

அதனால் தினமும் காலையில், துளைப்பான் எந்திரத்தை முடுக்கும் முன், குழுத் தலைவர் பாறையைச் சம்மட்டியால் மூன்று முறை தட்டுவார். பிறகு காதைப் பாறையில் வைத்து, பத்து மூச்சு எண்ணுவார். பதில் இல்லை என்றால் கீழ்வீட்டில் ஆள் இல்லை, வேலையைத் தொடங்கலாம். பதில் வந்தால் அன்றைக்கு அங்கே தோண்டமாட்டார்கள். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே சுவரைக் குடைந்தால் சுவர் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார்கள். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் குழுத் தலைவருக்கு ஒட்டுக்காது என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்டத்தின் அந்தரங்கத்தையே ஒட்டுக்கேட்கிற ஆள் என்று கூட இருந்தவர்களே கேலி செய்வார்கள், அவரும் சிரிப்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றேன். அவர் மனைவியை அண்ணி என்றேன். இருவரும் என்னைத் தங்கச்சி என்றார்கள். அண்ணிக்குச் சுரங்க வாசலில் இருந்த விளக்கறையில் வேலை. உள்ளே போகிறவர்கள் அவரிடம் தலை விளக்கை வாங்கிக்கொண்டு, எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் அதைப் பலகையில் ஆணியில் மாட்டுவார். வெளியே வந்தவர் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்வார். பலகையில் எத்தனை வில்லை தொங்குகிறதோ அத்தனை உயிர் உள்ளே.

சரி, இன்னொருவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். அங்கே மேலாளர் ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், என் கட்டைவிரலில் தகரம் கிழித்தபோது தன் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துப்போனவர். அவருக்கும் ஓர் அண்டம் இருந்தது. அவர் அறைச் சுவரில் கட்டம் கட்டமாக ஒரு தாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நாள், ஒவ்வொரு நாளும் இத்தனை அடி. எதைக் கேட்டாலும் 'மேலிடத்தில் கேட்க வேண்டும்' என்பார். அந்த மேலிடத்தை அவர் நேரில் பார்த்திருக்கிறாரா? நான் ஒருமுறை கேட்டேன். இல்லையாம். குரல் மட்டும் தொலைபேசியில் வருமாம். என் அருமைப் பெரியோர்களே, ஒட்டுக்காது மேல்வீட்டைப் பார்த்ததில்லை. மேலாளர் மேலிடத்தைப் பார்த்ததில்லை. இவருக்கும் தட்டினால் பதில் வருகிறது, அவருக்கும் தட்டினால் பதில் வருகிறது. ஆனால் ஒன்றுக்கு நம்பிக்கை என்று பெயர், மற்றொன்றுக்கு நிர்வாகம் என்று பெயர்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் எனக்குப் பிற்பாடு வந்தது. வேண்டிய நேரத்தில் வரவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பதினான்காம் மாதம். ஒரு காலை, ஆறு மணி ஷிஃப்ட். உள்ளே போன பதினோரு பேரும் அரைமணியில் வெளியே வந்துவிட்டார்கள். ஒட்டுக்காது முகத்தில் சிரிப்பு இல்லை. பதில் வந்துவிட்டது என்றார். எத்தனை என்று யாரோ கேட்டதற்கு, மூன்றுக்கு மூன்று என்றார். மேலாளர் ஓடி வந்தார். கட்டங்களில் ஏற்கெனவே ஒன்பது நாள் பின்தங்கியிருந்தது.

இங்கேதான் விதிப் புத்தகம் வருகிறது. வேலையை நிறுத்த அந்தப் புத்தகத்தில் இரண்டே காரணங்கள் உண்டு. தொழில்நுட்பக் குறை என்றால் உடனே நிறுத்தி, இன்ஜினியரை வரவழைத்துப் பாறையைச் சோதிக்க வேண்டும். சமயக் காரணம் என்றால் ஆண்டுக்கு ஒருநாள் விடுப்பு, அந்த ஒருநாளை அவர்கள் முன்பே எடுத்துவிட்டார்கள். பாறை பதில் சொன்னது என்பது எந்தக் காரணம்? முதலாவதா, இரண்டாவதா? மேலாளருக்குக் குழப்பம். அப்போது அவர் கண் என்மேல் விழுந்தது. இதைப் படிக்கவே வந்தவள் ஒருத்தி இருக்கிறாளே! என்னை அறைக்குள் அழைத்து, தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"மேடம், நீங்க படிச்சவங்க, இவங்களோடயே இருந்தவங்க. இது என்னன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நீங்க எழுதினா நான் அப்படியே கேட்டுக்கறேன்."

பதினோரு பேர் வாசலில் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒட்டுக்காது அறைக்குள் எட்டிப் பார்த்து, கெஞ்சலும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னார்.

"தங்கச்சி, எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள வந்து நீயே காதை வச்சுப் பாரு."

கேட்டீர்களா? காதை வைத்துப் பார் என்றார். பதினான்கு மாதம்! அவர்கள் தட்டுவதை எழுதினேன். காது வைப்பதை எழுதினேன். எத்தனை மூச்சு, எந்தக் காது, எந்தக் கை, எல்லாவற்றையும் எழுதினேன். ஒரே ஒரு நாளாவது என் காதை அந்தப் பாறையில் வைத்தேனா? வைக்கவில்லை. கூடவே இருந்து அறிவது எங்கள் முறை என்று சற்றுமுன் மார்தட்டினேனே, அந்த முறைப்படிப் பார்த்தாலும் நான் அதுவரை பாதி வேலைதான் செய்திருந்தேன்.

அன்றும் வைக்கவில்லை. ஏன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயம். காதை வைத்து எதுவும் கேட்கவில்லை என்றால் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். ஏதாவது கேட்டுவிட்டால் என் ஆய்வேடு என்ன ஆவது? பாறை பேசியது என்று பட்டம் வாங்க முடியுமா? இன்னொரு பயமும் இருந்தது, அது சின்னத்தனமான பயம். நான் அங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டில் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அது அடுத்த வாரத்தோடு முடிகிறது. இத்தனை பயத்துக்கும் சேர்த்து ஓர் அழகான போர்வை கிடைத்தது. அதன் பெயர் அறிவியல் நேர்மை. நான் ஆய்வாளர், நடுநிலையானவள், ஆராய வந்த இடத்தில் காது வைக்கமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவை எடுத்து எழுதினேன். 'இது இம்மக்களின் நம்பிக்கை.' கீழே கையெழுத்து, தேதி.

மேலாளர் அதை வாசலில் நின்று உரக்கப் படித்தார். நம்பிக்கை என்றால் புத்தகத்தில் இரண்டாவது காரணம், அதற்கு விடுப்பு மிச்சமில்லை. யாரும் வாதாடவில்லை. ஒட்டுக்காது தலை விளக்கை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார், மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். அண்ணி பதினோரு வில்லைகளையும் ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டினார்.

நான் விளக்கறை பெஞ்சில் உட்கார்ந்தேன். போய்ப் படுக்கவும் முடியவில்லை, நோட்டைத் திறக்கவும் முடியவில்லை. உள்ளே இருந்து மணிக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசியாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழரைக்கு மணி அடித்தது. எல்லாம் சரி. எட்டரைக்கு அடித்தது. ஒன்பதரைக்கு அடித்தது. அண்ணி ஒவ்வொரு முறையும் எடுத்து, "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். என்னிடம் பேசவில்லை. வேலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மனம் எதையாவது நினைத்துக்கொள்ளும் அல்லவா?

பத்தரைக்கு மணி அடிக்கவில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்தோம். பத்து நிமிடம் பொறுத்தோம். அண்ணி தொலைபேசியை எடுத்துச் சுழற்றினார், மறுமுனையில் சத்தமே இல்லை. திரும்பச் சுழற்றினார். விளக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றார். செய்தி போய் மேலாளர் வந்தார். அவர் விளக்கறைக்குள் கால் வைத்து நான் பார்த்தது அன்றுதான். உள்ளே ஆள் அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். அனுப்பலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. பலகையையே பார்த்தார். பதினொன்று. நானும் எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினால் குறையுமா? ஆனாலும் எண்ணினேன். என் கையெழுத்து மட்டும் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. மேலாளர் கடவுளே என்றார். நானும் வாய்க்குள் யாரையோ கூப்பிட்டேன். எந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், 'பாறை விழுந்துச்சா?' என்று. பொறுங்கள் தம்பி. நானும் நாற்பது நிமிடம் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. தள்ளுவண்டி ஏறித் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டதாம். இப்போதுதான் ஒட்டினார்களாம். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பதினோரு பேரும் வெளியே வந்தார்கள். விழவில்லை தம்பி. ஒரு கூழாங்கல்கூட விழவில்லை.

உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். சிலருக்கு நிம்மதி. சிலருக்கு, மன்னிக்க வேண்டும், லேசான ஏமாற்றம். பாறை விழுந்திருந்தால் என் பேச்சு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! பழைய மக்களின் அறிவே அறிவு என்று நான் முழங்க, நீங்கள் தட்ட, தலைவர் பொன்னாடை போர்த்த, எல்லோரும் நிறைவாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு மக்கள் கூட்டத்தின் சொல்லுக்கு மதிப்புத் தர, அவர்கள் தலையில் பாறை விழுந்து நிரூபிக்க வேண்டுமா? செத்துக் காட்டினால்தான் செவிமடுப்போமா? மூன்றுக்கு மூன்று என்று ஒருவர் சொன்னால், எழுந்துபோய் ஒரு முறை கேட்டுப் பார்க்க, அவர் சொல் ஒன்று போதாதா?

அவர்கள் வெளியே வந்தபோது மேலாளருக்கு உயிர் திரும்பியது. "பாத்தீங்களா மேடம், நம்பிக்கைதான்னு நீங்க எழுதினது சரியாப் போச்சு" என்றார். நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்தேன் ஐயா. அவரோடு சேர்ந்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அது நிம்மதிச் சிரிப்பு. ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு சிரிப்புதானே? பதினோரு பேரும் பார்த்தார்கள். ஒவ்வொருவராக விளக்கைக் கொடுத்தார்கள், வில்லையை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒட்டுக்காது என் பக்கமே திரும்பவில்லை. பலகை காலியானது.

நான் அண்ணியிடம் போனேன். நல்லவேளை அண்ணி, பயந்தது ஒன்றும் நடக்கவில்லை என்று ஏதோ உளறினேன். அவர் கடைசி விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகளாக ஓர் எழுத்து மாறாமல் என் காதில் இருப்பதை உங்களுக்குச் சொல்கிறேன்.

"மேல்வீடு கீழ்வீடெல்லாம் நாங்க நம்பலை, மேடம். அது இருக்கு, அவ்வளவுதான். இருக்கிறதை எதுக்கு நம்பணும்? நாங்க நம்பினது உங்களை."

மேடம் என்றார். பதினான்கு மாதமாகத் தங்கச்சி என்ற வாய், மேடம் என்றது. நீ என்ற வாய், உங்களை என்றது. தமிழில் மரியாதை இவ்வளவு கொடுமையாக இருக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அன்று மாலை என் ஒன்பது நோட்டுகளையும் விரித்து வைத்துக்கொண்டு தேடினேன். அவர்கள் வாயிலிருந்து நம்பு என்ற சொல் எங்கெங்கே வருகிறது? கயிறு பிடிக்கிறவனை நம்பி இறங்கினேன். உன்னை நம்பிப் பிள்ளையை விட்டுட்டுப் போறேன். அவனை நம்பாதே, குடிச்சா கை நடுங்கும். எல்லாம் மனிதர்கள்! அண்டத்தைப் பற்றிப் பேசிய இடம் ஒவ்வொன்றிலும் இருக்கு, இருக்கு, இருக்கு. நான் எழுதியதோ பக்கம்தோறும் நம்புகிறார்கள், நம்புகிறார்கள், நம்புகிறார்கள். கைவிடக்கூடிய ஒன்றைத்தான் அவர்கள் நம்புவார்கள். கைவிடக்கூடியது மனிதன் மட்டும்தான். அந்த அகராதி என் கையிலேயே இருந்தது, நான் புரட்டவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு கடிதம் எழுதினேன். 'நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர்கள் ஒரு சத்தம் கேட்டார்கள். நான் போய்க் கேட்கவில்லை. இன்ஜினியரை அனுப்பிப் பாறையைச் சோதியுங்கள்.' மேலாளர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழவில்லை. இன்ஜினியர் வந்தாரா, என்ன கண்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று நாளில் என்னை வெளியேற்றினார்கள். மூட்டையோடு நான் நடந்தபோது கொட்டகைகளிலிருந்து ஒருவரும் வந்து வழியனுப்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே! மக்களின் அண்டத்தை எப்படி ஆராய்வது என்று கேட்டீர்கள். கூரை எத்தனை, தரை எத்தனை என்று எண்ணுங்கள், தவறில்லை. எந்தக் காதால் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அவர்கள் தங்கள் வானத்தை உங்களுக்குச் சொல்லும்போது, தங்கள் உயிரையும் சேர்த்து உங்கள் கையில் வைக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் பேனா 'அவர்கள் நம்புகிறார்கள்' என்று எழுதப் போகும்போது பிடித்து நிறுத்துங்கள். நிறுத்தி, யாரை நம்புகிறார்கள் என்று கேளுங்கள். யாரை? என்னையா? அப்படியானால் நான் எழுந்து போக வேண்டும். போய், குனிந்து, குளிர்ந்த பாறையில் என் காதை வைக்க வேண்டும். கேட்டதைக் கேட்டது என்றும், கேட்காததைக் கேட்கவில்லை என்றும் எழுத வேண்டும். அதற்குத் துணிவில்லாதவர் அடுத்தவர் அண்டத்துக்குள் அடியெடுத்து வைக்க வேண்டாம்!

இவ்வளவு பெரிய அவையில் இதை நான் சொல்வது மன்னிப்புக் கேட்பதற்காக அன்று. மன்னிக்க வேண்டியவர்கள் இங்கே இல்லை, இருந்தாலும் மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஒரு பெண் என்னைத் தங்கச்சி என்று அழைத்தாள், ஒரு வரி எழுதி அதை இழந்தேன். அதற்குப் பிறகு வந்த பட்டங்களும் பாராட்டுகளும் எல்லாம் மேடம் என்றே என்னைக் கூப்பிடுகின்றன.

தலைவர் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். பேச இடம் தந்த மன்றத்துக்கும், இடையில் எழுந்து போகாத கடைசி வரிசைக்கும், இவ்வளவு நேரம் பொறுமையோடு காதுகொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.